விற்க மாட்டேன் என்பவரிடம் ஆமை வாங்குவது

லவுத், லிங்கன்ஷயர்
திங்கட்கிழமை, மழை

என் அருமை அக்கா மகள் ஹெஸ்டருக்கு,

மால்கம் மாமா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் கிளெனிஸ் அத்தையும், என் வலது முழங்காலைத் தவிர, சௌக்கியம். அங்கே லீட்ஸில் நீயும், உன் எட்டாவது மாடி வீடும், எப்போதும் பழுதாகிக் கிடக்கும் அந்த லிஃப்ட்டும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறோம். உன் அம்மா ஸ்பெயினிலிருந்து வெயிலைப் படம் எடுத்துப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறாள். பதிலுக்கு நாங்கள் ஒன்றும் அனுப்புவதில்லை. மழையைப் படம் எடுத்தால் ஒன்றும் தெரிவதில்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ என் போனை எடுப்பதில்லை. குறையாகச் சொல்லவில்லை. செய்தி அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படம் வருகிறது; அதற்குச் 'சரி' என்று பொருளா, 'போதும்' என்று பொருளா என்று எனக்கும் அத்தைக்கும் இன்னும் முடிவாகவில்லை. ஆகவே கடிதம்.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வருகிற வியாழக்கிழமை சாயங்காலம் மிஸஸ் கிராக் என்ற அம்மையார் உன்னைப் போனில் கூப்பிடுவார். ஆமை பிடிக்குமா என்று கேட்பார். பிடிக்கும் என்று சொல். தோட்டம் இருக்கிறதா என்பார். இருக்கிறது என்று சொல். உன் மாமாவும் அத்தையும் போன பிறகு அவர்களுடைய ஆமையை நீ எடுத்து வைத்துக்கொள்வாயா என்பார். மூச்சு விடுவதற்குள் ஆம் என்று சொல்லிவிடு. தயங்கினால் போச்சு. நீ சரியாகச் சொல்லாவிட்டால் உன் அத்தைக்கு ஆமை கிடைக்காது. கிடைக்காவிட்டால் இந்த வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

ஆமையா என்று நீ வாயைப் பிளப்பது இங்கே தெரிகிறது. நானும் அப்படித்தான் பிளந்தேன்.

பிப்ரவரியில் நம் நாய் பார்னபி போய்ச் சேர்ந்தது உனக்குத் தெரியும். பிளம் மரத்தடியில், அதற்கு முன்னால் போன நாய்களுக்கும் அந்தக் கோபக்காரப் பூனைக்கும் பக்கத்தில், நான் குழி தோண்டினேன். அத்தை குடை பிடித்தாள். எல்லாம் முடிந்து, உள்ளே வந்து, டீக்குக் கெட்டிலை வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "இனிமே இன்னொரு குழி என்னால தோண்ட முடியாது மால்கம்." தோண்டியது நான்தான் என்பதை அந்த நேரத்தில் சொல்லலாமா கூடாதா என்று யோசித்துச் சொல்லாமல் விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "எனக்கு ஒரு ஆமை வேணும். எனக்கு முன்னாடி போகாத ஒண்ணு," என்றாள்.

அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. எனக்கே அன்றுதான் தெரிந்தது. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது சந்தையில் ஆமைகளைக் கூடை கூடையாக, உருளைக்கிழங்கு மாதிரி, ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு விற்பார்களாம். வெயில் நாட்டில் காட்டில் பொறுக்கிக் கப்பலில் கொண்டுவந்தவை. அவள் அப்பா ஒன்றை வாங்கிக் கொடுத்தார். குளிர்காலம் வந்ததும் தேயிலைப் பெட்டியில் வைக்கோல் போட்டுக் கொட்டகையில் வைத்தார்கள். அது தூங்கும், வசந்தத்தில் எழுந்துகொள்ளும் என்றார்கள். ஏப்ரலில் பெட்டியைத் திறந்து பார்த்த அவள் அம்மா, "இன்னும் கொஞ்சம் தூங்கட்டும்," என்றாளாம். மே மாதம் வரை அத்தை தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து பெட்டி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. எனக்குத்தான் என்னவோ போல் ஆகிவிட்டது. "அந்தக் கூடையில இருந்ததுல ஒண்ணாவது பொழச்சிருக்குமான்னு இன்னிக்கும் தோணும்," என்றாள். "இந்தத் தடவை ஒழுங்கான இடத்துல வாங்கணும். அது எங்கே பொறந்தது, யாருகிட்ட வளந்ததுன்னு எனக்குத் தெரியணும். இல்லன்னா வேண்டவே வேண்டாம்."

இதில் என்ன கஷ்டம் என்றுதான் நினைத்தேன். ஆமை வேண்டும் என்றால் ஆமைக் கடைக்குப் போக வேண்டும். அவ்வளவுதானே? அடுத்த சனிக்கிழமையே ஊருக்கு வெளியே புறவழிச் சாலையில் இருக்கும் அந்தப் பெரிய கடைக்கு அத்தையைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த விற்பனையாளர் மிக நல்ல மனிதர். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் கண்ணாடித் தொட்டி, விளக்கு, தண்ணீர்க் கிண்ணம், குட்டியாக ஒரு பிளாஸ்டிக் கோட்டை எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் அடுக்கிவிட்டார். இவ்வளவு சுறுசுறுப்பான ஆளை நான் சமீபத்தில் பார்த்ததில்லை. அத்தை கேட்டாள்: "இது எங்கே பொறந்தது?" "வேன்ல வரும்மா," என்றார் அவர். "அதுக்கு முன்னாடி?" "அதுக்கு முன்னாடி... இன்னொரு வேன்ல." "இதோட தாயாரைப் பாக்க முடியுமா?" அவர் என்னைப் பார்த்தார். நான் கோட்டையைப் பார்த்தேன். "குளிர்காலத்துல இதை என்ன பண்றது?" என்றாள் அத்தை. "ஒண்ணும் பண்ண வேண்டாம்மா, பொம்மை மாதிரி அது பாட்டுக்கு இருக்கும்," என்றார் அவர் சந்தோஷமாக. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அத்தை கார் நிறுத்துமிடத்தில் இருந்தாள். கோட்டையைத் திருப்பிக் கொடுக்க வெட்கமாக இருந்ததால் அதை மட்டும் வாங்கிக்கொண்டேன். இப்போது அது குளியலறையில் பல் துலக்கும் பிரஷ்களுடன் இருக்கிறது.

அடுத்து, இணையத்தில் ஒரு விளம்பரம். 'அன்பான குடும்பத்துக்கு அன்பான ஆமை' என்று போட்டிருந்தது. இதில் அன்பு இரண்டு தடவை வருகிறதே என்று எனக்கு நம்பிக்கை. அந்த ஆள் வீட்டு முகவரி தரவில்லை. ஒரு செடி நர்சரிக்குப் பின்னால் இருக்கும் கார் நிறுத்துமிடத்துக்கு வரச் சொன்னார். கார் டிக்கியைத் திறந்தார். உருளைக்கிழங்கு சிப்ஸ் வந்த அட்டைப்பெட்டி, அதற்குள் செய்தித்தாள், அதற்குள் ஆமை. அத்தை உடனே அதன் மூக்கைப் பார்த்தாள், ஒழுகிக்கொண்டிருந்தது. கையில் எடுத்தாள், அந்த அளவு ஆமைக்கு இருக்க வேண்டிய கனம் இல்லை, காலிக் கிண்ணம் மாதிரி இருக்கிறது என்றாள். "இதுக்குச் சட்டப்படி ஒரு சான்றிதழ் இருக்கணுமே?" என்று கேட்டாள். "தபால்ல வருது," என்றார் அவர். இந்த நேரத்தில் உன் மாமா என்ன செய்துகொண்டிருந்தார் என்று நீ கேட்கலாம். டிரைவிங் டெஸ்ட் அதிகாரியாகக் காலம் தள்ளியவன் நான். கண் தானாக அந்த வண்டியின் பின் டயருக்குப் போய்விட்டது. வழுக்கை. பிரேக் விளக்கு ஒன்று உடைந்து கிடந்தது. "சார், இந்த டயரோட நீங்க ரோட்டுக்கே வந்திருக்கக் கூடாது," என்று தன்மையாகத்தான் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க போலீஸா?" "இல்லீங்க, ஓய்வுபெற்ற—" என்று நான் முடிப்பதற்குள் பெட்டியைப் பிடுங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு பறந்துவிட்டார், கண்ணாடியைப் பார்க்காமல், சிக்னல் போடாமல். அத்தை நர்சரி வாசலில் நின்று அந்த வண்டி போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது பொழைக்காதுங்க," என்றாள். விலங்கு நலச் சங்கத்துக்கு வண்டி எண்ணைச் சொன்னோம். என்ன ஆனதென்று தெரியவில்லை. அன்றைக்கு ராத்திரி இரண்டு பேருமே சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகுதான் ஆமைச் சங்கம். அப்படி ஒன்று இருக்கிறது, ஹெஸ்டர். மெதடிஸ்ட் சர்ச் கூடத்தில் கூடுகிறார்கள். டீ, இஞ்சி பிஸ்கட், மடக்கு நாற்காலி எல்லாம் உண்டு. அதன் தலைவர் ஆஸ்குட் என்பவர். பேச்சு மெதுவாகத்தான் வரும், ஆனால் வந்துவிடும். கேள்வி நேரத்தில் நான் எழுந்து நின்று, "ஆமை எங்க வாங்கலாம்?" என்று கேட்டேன். கூடத்தில் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் பிஸ்கட்டைத் தட்டில் வைத்துவிட்டார். ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டேன் போலிருக்கிறது என்று அசடு வழிய உட்கார்ந்துவிட்டேன். பிறகு ஆஸ்குட் எங்களை ஓரமாகக் கூப்பிட்டுப் பாத்திரம் கழுவும் இடத்தில் வைத்துச் சொன்னார்: "உடனே விக்கிறேன்னு சொல்றவன்கிட்ட வாங்காதீங்க. நல்லவங்க லேசுல விக்க மாட்டாங்க."

"அப்ப நல்லவங்ககிட்ட எப்படி வாங்கறது?"

"டீல்பி கிராமத்துல மிஸஸ் கிராக்னு ஒருத்தங்க இருக்காங்க. அவங்க வீட்டு ஆமைங்க முட்டையிட்டு, அவங்களே பொரிச்சு வளக்கறாங்க. தாயைப் பாக்கலாம், தகப்பனைப் பாக்கலாம். அவங்களைப் போய்ப் பாருங்க. ஆனா ஆமை வேணும்னு மட்டும் கேட்டுடாதீங்க."

"கேக்காம எப்படிங்க?"

"கேட்டா கிடைக்காது. புடிச்சிருந்தா அவங்களே கேப்பாங்க."

இங்கேதான் எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை. விற்பவரிடம் வாங்கக் கூடாது. வாங்க வேண்டியவர் விற்க மாட்டார். விற்க மாட்டேன் என்பவரிடம், வாங்க வந்தோம் என்று சொல்லாமல், வாங்க வேண்டும். இப்படி ஒரு வியாபாரத்தை நீ எங்காவது கேள்விப்பட்டிருக்கிறாயா?

மிஸஸ் கிராக் ஓய்வுபெற்ற மாஜிஸ்திரேட். கம்பி மாதிரி உடம்பு, ரப்பர் பூட்ஸ், மூக்குக் கண்ணாடிக்கு மேலே வந்து பார்க்கும் பார்வை. நாங்கள் போனோம், மழையைப் பற்றிப் பேசினோம், வந்தோம். மறுபடி போனோம், நத்தைகளைப் பற்றிப் பேசினோம். பெரிய ஆமைகள் தோட்டத்தில் கல்லோடு கல்லாகப் படுத்துக்கிடக்க, அத்தை அவற்றைப் பார்க்கவே வராதவள் மாதிரி ரோஜாவைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியும், அவள் கை இரண்டும் கோட்டுப் பைக்குள் இறுகிக்கொண்டிருந்தன. அதற்கடுத்த தடவை கிராக் அம்மா எங்களை உள்ளே கூட்டிப்போய் மேசை மேல் இருந்த பெரிய மரத் தட்டைக் காட்டினார். போன இலையுதிர் காலத்தில் பொரித்த குஞ்சுகள், உன் உள்ளங்கையில் அடங்கும். ஒன்று மட்டும் மற்றவற்றின் மேல் ஏறி வந்து அத்தையை அண்ணாந்து பார்த்தது. கிராக் அம்மா டீயைக் கலக்கிக்கொண்டே, பேச்சோடு பேச்சாக, "இதுல ஒண்ணைக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்றார்.

நான் சொன்னேன்: "ஐயையோ, வேண்டாங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

ஹெஸ்டர், நீயே சொல். நம்மவர்களில் யார் முதல் தடவை கேட்டதும் சரி என்கிறோம்? கேக்கின் கடைசித் துண்டை யாராவது நீட்டினால் வேண்டாம் என்போம், அவர்கள் வற்புறுத்துவார்கள், சரி, நீங்கள் இவ்வளவு சொல்வதால் என்று எடுத்துக்கொள்வோம். என் அப்பா அப்படித்தான், உன் தாத்தா. வாய் அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது. ஆனால் மிஸஸ் கிராக் ஒரு ஆமையை யாரிடமும் வற்புறுத்திக் கொடுக்கிறவர் இல்லை. அதோடு காலமெல்லாம் நீதிமன்றத்தில் உட்கார்ந்தவர்; ஒருத்தர் முதலில் சொல்வதை ஏற்றுக்கொண்டு அடுத்த வழக்குக்குப் போய்விடுவார். "அப்படியா, சரி," என்று சொல்லி, தட்டின் மேல் வலையை மூடிவிட்டு, எனக்கு இன்னொரு பிஸ்கட் கொடுத்தார். அதற்கும் நான் வேண்டாம் என்றேன்.

திரும்பி வரும்போது காரில் அத்தை பேசவில்லை. அந்த மாதிரி மௌனம் எனக்குப் பழக்கம்தான். டெஸ்டில் தோற்றவர்கள் அப்படித்தான் உட்கார்ந்து வருவார்கள். ஆனால் அப்போதெல்லாம் தோற்கடித்தவன் நான். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகு அவள் சொன்னாள்: "கல்யாணம் பண்ணிக்கலாமான்னு நான் கேட்டப்பவும் நீங்க இதைத்தான் சொன்னீங்க. உனக்கெதுக்குச் சிரமம்னு. அன்னிக்கு நான் ரெண்டாவது தடவை கேட்டேன். எல்லாரும் கேக்க மாட்டாங்க மால்கம்."

மறுநாளே தனியாக டீல்பிக்குப் போய், மழையில் நின்று, நடந்ததை எல்லாம் கிராக் அம்மாவிடம் கொட்டினேன். கூடை, தேயிலைப் பெட்டி, சிப்ஸ் பெட்டி, கேக் துண்டு எல்லாவற்றையும். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்ப உங்களுக்கு வேணும்," என்றார். "ஆமாங்க." "இதை நேத்தே சொல்லியிருக்கலாமே?" "கேக்கக் கூடாதுன்னு ஆஸ்குட் சொன்னாருங்க." "ஆஸ்குட் எல்லார்கிட்டயும் அதைச் சொல்லிட்டுத் திரியறாரு. எவ்வளவு பேரு வந்து என் ரோஜாவைப் பத்தியே பேசிட்டுப் போறாங்கன்னு எனக்கு இப்பத்தான் புரியுது," என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை. "சரி, வந்து வீட்டைப் பாக்கறேன்."

வந்து பார்த்தார். நேற்று, ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் அத்தை தோட்டத்தில் சரளைக்கல் போட்டு, நரி புகாமல் வலை கட்டி, டேண்டிலயன் களையைப் பாத்தி கட்டி வளர்த்திருந்தாள். இத்தனை வருஷம் நான் முட்டி போட்டுப் பிடுங்கி எறிந்த அதே மஞ்சள் பூக் களை. ஆமைக்கு அதுதான் விருந்தாம். பக்கத்து வீட்டு பாஸ்க், புல்வெளியைக் கத்தரிக்கோலால் வெட்டுகிறவர், வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "மால்கம், உங்க ரெண்டு பேருக்கும் உடம்பு ஏதாவது சரியில்லையா? நான் வந்து பிடுங்கித் தரட்டுமா?" என்று கேட்டார். உண்மையான கவலையோடுதான் கேட்டார் பாவம்.

கிராக் அம்மா களையைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு, "ஃபிரிட்ஜைக் காட்டுங்க," என்றார். ஏதாவது குடிக்கக் கேட்கிறார் என்று நினைத்து, ஆரஞ்சு சாறா எலுமிச்சையா என்றேன். "குளிர்காலத்துல அது எங்க தூங்கும்?" என்றார். அத்தையின் முகம் மாறிவிட்டது. அந்தத் தேயிலைப் பெட்டி ஞாபகம் வந்திருக்கும். "ஃபிரிட்ஜிலதான் தூங்கணும். தனி ஃபிரிட்ஜ்," என்றார் கிராக் அம்மா. "பன்றி இறைச்சி வைக்கிற ஃபிரிட்ஜிலயா?" என்றேன் நான். "தனின்னு சொன்னேன்," என்றார். பிறகு அத்தை பக்கம் திரும்பிக் குரலைத் தணித்து, "உங்க ஆமை குளிர்ல சாகலம்மா. கொட்டகை ஒருநாள் உறையும், ஒருநாள் சூடாகும். அது தூங்கவா முழிக்கவான்னு தெரியாமத் தவிச்சிருக்கும். ஒரே மாதிரி குளிரா இருந்தா நிம்மதியாத் தூங்கும். தினம் கதவைக் கொஞ்சம் தெறந்து காத்து விடணும், அவ்வளவுதான். உங்க வீட்டுல யாரும் தப்புப் பண்ணல. அப்ப யாருக்கும் தெரியாது," என்றார். அத்தை நேராகக் கேரேஜுக்குப் போய், அங்கிருந்த பழைய ஃபிரிட்ஜிலிருந்து தன் சட்னி பாட்டில்களையும் என் பீரையும் எடுத்து வெளியே வைக்க ஆரம்பித்துவிட்டாள். எடுத்தவற்றை வாங்கி வாங்கி அடுக்கினேன்.

எல்லாவற்றிலும் தேறிவிட்டோம் என்றிருந்தபோதுதான் கிளம்பும் நேரத்தில், கையுறையை மாட்டிக்கொண்டே, கடைசிக் கேள்வியைக் கேட்டார்: "உங்களுக்கப்புறம் யாரு?"

"எதுக்கப்புறம்?" என்றேன் நான்.

"மிஸ்டர் டன்ஸ்டன், இந்தக் குஞ்சு நல்லாப் பாத்துக்கிட்டா எழுபது எண்பது வருஷம் இருக்கும். உங்களுக்கு எழுபது தாண்டியாச்சு. நான் கணக்குல புலி இல்ல, இருந்தாலும்."

ஹெஸ்டர், நாய் வாங்கும்போது யாரும் இதைக் கேட்டதில்லை. எனக்கு முன்னாடி போகாத ஒன்று என்று அத்தை கேட்டபோதுகூட, அதற்கு மறுபக்கம் இப்படி ஒன்று இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. அத்தை தரையைப் பார்த்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பதை அந்தச் சமயத்தில் சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. டெஸ்டில் கடைசித் திருப்பத்தில் தடுமாறுகிறவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நேற்று அது என் முகத்தில் இருந்தது. வாய் மறுபடியும் அது பாட்டுக்குப் பேசியது: "எங்க அக்கா மக ஹெஸ்டர் இருக்கா. ஆமைன்னா உயிர். சின்ன வயசுலேர்ந்து. பெரிய தோட்டம்." கிராக் அம்மா உன் நம்பரை வாங்கிக்கொண்டு, வியாழக்கிழமை பேசுகிறேன் என்று போய்விட்டார்.

கதவை மூடியதும் அத்தை கேட்டாள்: "ஹெஸ்டருக்குத் தோட்டமா? அவ வீட்டுல தொட்டிச் செடி ஒண்ணுகூட உயிரோட இல்லீங்க."

"பால்கனி இருக்கே."

"அதுல சைக்கிள் இருக்கு."

"எடுக்கச் சொல்லலாம்."

"ஆமைன்னா உயிரா? மிருகக்காட்சிச்சாலைக்குக் கூட்டிட்டுப் போனப்ப பெரிய ஆமையைப் பாத்து அலறிட்டு உங்க கோட்டுக்குள்ள பூந்துக்கிட்டா. ஞாபகம் இல்ல?"

எனக்கு ஞாபகம் இருந்தது. கிராக் அம்மாவுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஆகவே கண்ணே, வியாழக்கிழமைக்குள் இதை மனப்பாடம் செய்துகொள். ஆமைக்கு வாழைப்பழம் கொடுப்பீர்களா என்று கேட்டால், கொடுக்க மாட்டேன், களைதான் என்று சொல். கண்ணாடித் தொட்டியில் வைப்பீர்களா என்றால் சிரி. கண்ணாடித் தொட்டியைப் பற்றிக் கேட்டால் விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள், ஏனென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தோட்டம் எவ்வளவு பெரிது என்று கேட்டால் பேச்சை மழைக்கு மாற்று. லிஃப்ட்டைப் பற்றி மூச்சு விடாதே. பின்னால் நிஜமாகவே ஆமை உன்னிடம் வந்தால் என்ன செய்வது என்று நீ கேட்பாய். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. அத்தை கேரட் நிறையச் சாப்பிடுகிறாள், நானும் குளிக்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் குளிக்கிறேன்.

இதை உன்னிடம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் உன் தலையில் கட்டிவிட்டேன். ஆனால் அந்தக் குஞ்சு தட்டில் ஏறி வந்து பார்த்தபோது உன் அத்தையின் முகத்தை நீ பார்த்திருந்தால், நீயும் தோட்டம் இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பாய்.

கடவுள் உனக்கு எல்லா நலமும் தரட்டும், லிஃப்ட்டைச் சரி செய்யும் நல்ல மனிதன் ஒருவனையும் அனுப்பட்டும். அத்தை தன் அன்பையும் ஒரு பாட்டில் சட்னியையும் அனுப்புகிறாள். வைக்க இடமில்லை, மறுக்காதே. உன் அம்மாவிடம் இதைப் பற்றி எதுவும் சொல்லாதே, ஸ்பெயினிலிருந்து சிரிப்பாள்.

என்றும் உன் அன்பு மாமா,
மால்கம் டன்ஸ்டன்

பின்குறிப்பு: தபாலில் போடக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கிராக் அம்மாவே போன் செய்தார். உன்னிடம் பேசி முடித்துவிட்டாராம், இப்போதுதான், அரை மணி முன்னால். வியாழக்கிழமை என்று எங்களிடம் சொன்னதே, திங்கட்கிழமை பேசுவதற்காகத்தானாம். "சொல்லிக் கொடுத்த சாட்சியை நான் வேண்டிய அளவு பாத்துட்டேன் மிஸ்டர் டன்ஸ்டன்," என்றார். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஆகவே மேலே எழுதிய எல்லாம் இனிமேல் உனக்கு உபயோகமில்லை. ஸ்டாம்பு ஒட்டிவிட்டதால் அனுப்புகிறேன்.

நீ சொன்னதை அப்படியே அவர் எனக்குப் படித்துக் காட்டினார். உனக்கு ஆமையைப் பற்றி ஒன்றுமே தெரியாதாம், கொஞ்சம் பயம்கூட உண்டாம், வீட்டில் புல்லே கிடையாதாம், மாமா உன்னைக் கேட்கவே இல்லையாம். பிறகு, "ஆனா அது எங்க அத்தையோடதுன்னா நான் வேற யார்கிட்டயும் விட மாட்டேன். என்ன திங்கும்னு மட்டும் சொல்லுங்க, எழுதிக்கறேன்," என்றாயாம்.

"நான் இவ்வளவு வருஷமா தேடற பதில் அதுதான்," என்றார் கிராக் அம்மா. "குஞ்சை ஹெஸ்டர் பேருக்குத்தான் தரப்போறேன். அவளுக்கு ஒரு தோட்டம் அமையற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கலாம்." அப்படியானால் நாங்கள் யார் என்று கேட்டேன். "தற்காலிக ஏற்பாடு," என்றார்.

அத்தையிடம் சொன்னேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். மாடிப்படியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். கடைசியில் அது சிரிப்பா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பிறகு எழுந்துபோய் உனக்காகப் பின்பக்க அறைப் படுக்கைக்கு விரிப்பு மாற்றுகிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்து உன் ஆமையைப் பார்த்துவிட்டுப் போ. பெயர் வைக்க அவசரமில்லை. ஆணா பெண்ணா என்பது தெரியவே இன்னும் பல வருஷம் ஆகுமாம். நாங்கள் இருந்தால் சொல்கிறோம். இல்லாவிட்டால் நீயே அதைத் திருப்பிப் போட்டு வாலைப் பார்த்துக்கொள்.